ரைடு ஃபோட்டோ டிவிய ஃபோன்ல க்ளிக் பண்றவங்களுக்கு சில விஷயம்

தீம் பார்க் போயிட்டு வந்தவங்க எல்லாருக்கும் இந்த இடம் தெரியும். ரோலர் கோஸ்டர் விட்டு இறங்கி, தலைமுடிய சரி பண்ணிக்கிட்டே வெளிய போற வழிய தேடினா அது நேரா ஒரு கடைக்குள்ள தான் போகும், கடைக்குள்ள நுழையறப்பவே மேல வரிசையா டிவி மாட்டியிருப்பாங்க, ஒவ்வொண்ணுலயும் இப்ப தான் இறங்கின நம்ம எல்லாரோட மூஞ்சியும் இருக்கும், வாய பிளந்துக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, பக்கத்துல இருக்கறவர் சட்டைய புடிச்சுக்கிட்டு. மூலையில ஒரு நம்பர். கூட்டம் அப்படியே நின்னு "ஏய் அங்க பாரு, மூணாவது வரிசை"ன்னு சிரிக்கும், அடுத்த நொடியே பாதி பேர் ஃபோன தூக்கி அந்த டிவிய க்ளிக் பண்ணுவாங்க.

இப்படி எடுக்கறது சரியா தப்பான்னு எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் க்ரூப்ல சமீபத்துல ஒரு பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. "என் மூஞ்சிக்கு நான் எதுக்குடா காசு குடுக்கணும்"னு சித்தப்பா ஒரு பக்கம், "அவங்க கேமரா, அவங்க ஃபோட்டோ, காசு குடுக்காம எடுத்தா அது திருட்டு தான் சித்தப்பா"ன்னு தங்கச்சி ஒரு பக்கம். ராத்திரி வரைக்கும் ஓடுச்சு. ரெண்டு பேரும் காச பத்தி மட்டும் தான் பேசினாங்க. நான் அமெரிக்காவுல இருக்கறதால ஊர்லேருந்து யார் வந்தாலும் டிஸ்னி வேர்ல்டு இருக்கற ஆர்லாண்டோவுக்கு கூட்டிட்டு போற பொறுப்பு பெரும்பாலும் என்கிட்ட தான் வரும், அந்த டிவி முன்னாடி நிறைய நேரம் நின்னிருக்கேன், எனக்கு ரொம்ப உறுத்தறது காசு இல்ல. அந்த ஃபோட்டோவுல நம்ம கூட உக்காந்திருக்காங்களே முன்ன பின்ன தெரியாத நாலு பேர், அவங்க. அவங்கள பத்தி அந்த க்ரூப்ல ஒருத்தர் கூட ஒரு வார்த்தை பேசல. அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல அந்த ஃபோட்டோ எப்படி வருதுன்னு சொல்லிடறேன், ஏன்னா அது தெரிஞ்சா மத்தது புரியும். அங்க யாரும் கேமராவ புடிச்சிக்கிட்டு நிக்கறதில்ல. ட்ராக் ஓரமா ஒரு சென்சார் இருக்கும், வண்டி அத தாண்டினதும் கேமராவும் ஃப்ளாஷும் தானா வேலை செய்யும். எந்த வண்டி வந்தாலும் அந்த இடத்த கிட்டத்தட்ட ஒரே வேகத்துல தான் தாண்டும்ங்கறதால நேரம் தப்பவே தப்பாது. இடத்தையும் பாத்து பாத்து தான் தேர்ந்தெடுக்கறாங்க, நம்ம மூஞ்சி நம்ம கட்டுப்பாட்டுல சுத்தமா இல்லாத அந்த அரை செகண்ட் எதுவோ அங்க. டிஸ்னி வேர்ல்டுல மேஜிக் கிங்டம்ங்கற பார்க்குல 1992-லேருந்து ஸ்ப்ளாஷ் மவுண்டன்னு ஒரு படகு ரைடு இருந்துச்சு, 2023 ஜனவரில மூடிட்டு 2024-ல அதே பாதையில டியானாஸ் பயூ அட்வெஞ்சர்னு மாத்தி திறந்தாங்க, அதுல கடைசியா 50 அடிக்கு மேல ஒரு இறக்கம், தண்ணிக்குள்ள போய் விழும், படகு அந்த முனைய தாண்டி கவுர்றப்ப தான் ஃபோட்டோ. டவர் ஆஃப் டெரர்ங்கற ரைடுல லிஃப்ட் உச்சிக்கு போய் கதவு திறந்து வெளிய பார்க் முழுக்க தெரியும் பாருங்க, அந்த வெளிச்சத்துல. ராக் அண்ட் ரோலர் கோஸ்டர்னு 1999-ல வந்தது, 2.8 செகண்ட்ல மணிக்கு 57 மைல் வேகத்துக்கு போகும், அங்க கிளம்பற அந்த நிமிஷமே எடுத்துடுவாங்க. இதுல எதுலயும் "இப்ப எடுக்கப்போறோம், ரெடியா"ன்னு யாரும் கேக்கறதில்ல. நாலஞ்சு தடவ ஏறினவனுக்கு கேமரா எங்கன்னு தெரிஞ்சு கைய தூக்கி சிரிச்சிக்கிட்டு இருப்பான், முதல் தடவ ஏறினவங்க முகம் வேற மாதிரி இருக்கும்.

அடுத்தது, ஃபோட்டோ நம்மள மட்டும் எடுக்கறதில்ல. மேஜிக் கிங்டம் படகுல எட்டு பேர், ரெண்டு ரெண்டா நாலு வரிசை, எட்டு பேரும் ஒரே ஃபோட்டோவுல. அனிமல் கிங்டம்ங்கற இன்னொரு டிஸ்னி பார்க்குல எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்னு ஒரு கோஸ்டர், 2006-ல திறந்தது, ஒரு ட்ரெய்னுக்கு 34 பேர், அங்க முன்ன பின்ன வரிசைக்காரங்க தலை, கை எல்லாம் சேந்து விழும். தனியா வந்தவங்க, வேற குடும்பத்து குழந்தை, ஹனிமூன் வந்த ஜோடி, யாரா வேணா இருக்கலாம். அந்த வரிசையில நம்மள உக்கார வெச்சது கேட்ல நின்ன ஊழியர், நாமளும் அவங்கள தேர்ந்தெடுக்கல அவங்களும் நம்மள தேர்ந்தெடுக்கல.

காசு விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். தனி ஃபோட்டோ ஒண்ணுக்கே கிட்டத்தட்ட இருபது டாலர் பக்கம் வரும், அதனால குடும்பமா போறவங்களுக்கு டிஸ்னி வேர்ல்டுல மெமரி மேக்கர்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, மூணு நாளுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்கினா விலை கொஞ்சம் குறையும், அதுல ரைடு ஃபோட்டோவும் பார்க்குக்குள்ள நிக்கற ஃபோட்டோக்காரங்க எடுக்கறதும் சேத்து டவுன்லோட் பண்ணிக்கலாம். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுல லைட்னிங் லேன் மல்டி பாஸ்னு, நீள வரிசையில நிக்காம சீக்கிரம் ரைடு ஏற ஒரு பாஸ் இருக்கு, அத வாங்கினா ஃபோட்டோ டவுன்லோட் அதுலயே அடக்கம், இது தெரியாம பாஸ் வாங்கின கையோட டிவிய ஃபோன்ல எடுத்துக்கிட்டு நிக்கறவங்கள நானே பாத்திருக்கேன், பக்கத்துல போய் சொல்லியும் இருக்கேன். நாலு பேரா வந்து ரெண்டு நாள்ல நிறைய ரைடு ஏறப்போறீங்கன்னா பேக்கேஜ் கட்டுப்படியாகும், ஒரே ஒரு நாள் வயசானவங்கள கூட்டிட்டு சும்மா சுத்தி பாக்க போனா வேண்டாம். காசே செலவழிக்க மனசில்லன்னா, கோட்டை முன்னாடி கேமராவோட நிக்கற டிஸ்னி ஃபோட்டோக்காரர்கிட்ட போய் "எங்க ஃபோன்லயும் ஒண்ணு எடுத்து குடுங்க"ன்னு கேளுங்க, அவங்க கேமராவுல எடுத்த அப்பறம் நம்ம ஃபோன்லயும் எடுத்து தருவாங்க, அதுக்கு ஒரு பைசா கிடையாது. நல்ல ஃப்ரேமா வேற இருக்கும்.

இப்ப அந்த டிவிய க்ளிக் பண்றது. பார்க்குக்கு பார்க் இதுல வித்தியாசம் உண்டு. சில இடத்துல கவுண்டர் மேலயே "ஸ்க்ரீன ஃபோட்டோ எடுக்காதீங்க"ன்னு போர்டு போட்டிருப்பாங்க, சில இடத்துல ஃபோட்டோ மேல குறுக்க பார்க்கோட லோகோவ பெருசா போட்டு காட்டுவாங்க, டிஸ்னில நான் போனப்பல்லாம் பெருசா யாரும் தடுத்ததில்ல. என் கருத்து ரொம்ப நேரடியானது. போர்டு இருக்கா, எடுக்காதீங்க, அந்த ஃபோட்டோ அவங்க எடுத்தது அவங்க விக்கறது, வேண்டாம்னு எழுதி வெச்ச அப்பறம் அதுக்கு மேல பேச்சில்ல. போர்டு இல்லையா, ஊழியர் பாத்தும் ஒண்ணும் சொல்லலையா, அங்க உங்க வரிசைய ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டா அத திருட்டுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சித்தப்பா கட்சிக்கும் தங்கச்சி கட்சிக்கும் நடுவுல தான் நான்.

ஆனா போர்டு இருக்கற இடத்துல கவுண்டர் பசங்ககிட்ட சண்டை போடறத மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. பல பார்க்ல அந்த கவுண்டர்ல நிக்கறது காலேஜ் படிக்கற வயசு பசங்க, மணிக்கணக்கு சம்பளம், பல இடத்துல அந்த ஃபோட்டோ கடைய பார்க் நடத்தறதே இல்ல, வேற கம்பெனிக்கு விட்டிருப்பாங்க. ஒரு தடவ ஒருத்தர் கவுண்டர்ல நின்ன ஒரு பொண்ணுகிட்ட "என் பொண்டாட்டி ஃபோட்டோவ நான் எடுக்கக்கூடாதுன்னு சொல்ல நீ யாரு"ன்னு சத்தம் போட்டுட்டு இருந்தாரு, அந்த பொண்ணு "சாரி சார், சாரி சார்"னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அந்த விலைய அது வெக்கல, அந்த ரூல அது போடல. மாத்தற அதிகாரமும் அதுக்கு கிடையாது. கோவம் இருந்தா பார்க்குக்கு ஈமெயில் போடுங்க.

சரி, முக்கியமான இடத்துக்கு வரேன்.

ஒரு பார்க்ல, பேர் வேண்டாம், பெரிய கோஸ்டர் ஒண்ணோட வெளிவாசல்ல நின்னுட்டிருந்தேன். முன்னாடி ஒரு இளவட்ட கும்பல், ஆறேழு பேர். அவங்க ஃபோட்டோ டிவியில வந்துச்சு, அவங்க ஃப்ரேம்ல ஓரத்துல இன்னொரு அம்மா, கொஞ்சம் பருமனான உடம்பு, நாப்பது வயசு இருக்கும். இறக்கத்துல காத்து மூஞ்சில அடிச்சு கன்னம் எல்லாம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, கண்ணு பாதி மூடி, டி-ஷர்ட் மேல ஏறி வயிறு கொஞ்சம் தெரியுது. கும்பல்ல ஒருத்தன் ஃபோன நீட்டி ரெண்டு விரலால பெருசாக்கி அந்த அம்மா மூஞ்சிய மட்டும் எடுத்தான், எடுத்து பக்கத்துல இருக்கறவனுக்கு காட்டினான், எல்லாரும் வயித்த புடிச்சிக்கிட்டு சிரிச்சாங்க. அந்த அம்மா அவங்களுக்கு நேர் பின்னாடி, எனக்கு பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. கையில ஒரு சின்ன பையன். அந்த ஃபோன் ஸ்க்ரீன்ல தன்னோட மூஞ்சிய பாத்தாங்க, நான் அவங்க பாக்கறத பாத்தேன். ஒரு வார்த்தை பேசல. டி-ஷர்ட்ட கீழ இழுத்து விட்டுக்கிட்டு, பையன கூட்டிக்கிட்டு, டிவிய நிமிந்து கூட பாக்காம கடைக்குள்ள போயிட்டாங்க. அந்த பையன் மட்டும் "அம்மா நம்ம ஃபோட்டோ, நம்ம ஃபோட்டோ"ன்னு திரும்பி திரும்பி கை காட்டிக்கிட்டே போனான்.

நான் அந்த பசங்ககிட்ட போய் "அவங்க இங்க தான் இருந்தாங்க, பாத்துட்டு போறாங்க, அத டிலீட் பண்ணுங்க"ன்னு சொன்னேன். ஒருத்தன் உடனே "ஓ சாரி"ன்னான், எடுத்தவன் ஃபோன பாக்கெட்ல போட்டுக்கிட்டான். டிலீட் பண்ணானான்னு தெரியாது.

இத பத்தி அப்பறம் நிறைய யோசிச்சேன். டிவியில அந்த ஃபோட்டோ ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ இருக்கும், அடுத்த ட்ரெய்ன் வந்ததும் போயிடும். அங்க நிக்கறவங்க எல்லாரும் அதே ரைடுல ஏறி இறங்கினவங்க, எல்லார் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கு, அதனால ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சிக்கிட்டா அதுல தப்பில்ல, எனக்கு அந்த சிரிப்பு ரொம்ப புடிக்கும், ரைடு பாதி சந்தோஷமே அதுல தான் இருக்கு. ஃபோன்ல ஏறிடுச்சுன்னா கதை வேற. அந்த ரைடுல ஏறாத, அந்த உயரத்துலேருந்து விழாத ஆளுங்க வீட்ல சோஃபாவுல உக்காந்துக்கிட்டு ஒரு மூஞ்சிய பாத்து சிரிப்பாங்க. அந்த மூஞ்சிக்கு சொந்தக்காரங்களுக்கு அது தெரியவே தெரியாது.

இது புதுசா வந்த பிரச்சனையும் இல்ல. ஸ்ப்ளாஷ் மவுண்டன்ல, கலிஃபோர்னியாவுல 1989-லயே வந்தது, அதுல சில பெண்கள் அந்த கேமரா முன்னாடி வேணும்னே மேல் சட்டைய தூக்கி காட்டுவாங்க, அந்த மாதிரி ஃபோட்டோ டிவிக்கு போகாம ஊழியர்கள் பாத்து தடுத்துக்கிட்டு இருந்தாங்க. 90-கள் கடைசியில இன்டர்நெட் வந்த புதுசுல அந்த தடுத்து வெச்ச ஃபோட்டோ எல்லாம் எப்படியோ வெளிய வந்து ஒரு வெப்சைட் முழுக்க ஏறிடுச்சு, ஃப்ளாஷ் மவுண்டன்னு அதுக்கு பேரே வெச்சுட்டாங்க, அமெரிக்க பேப்பர்ல எல்லாம் செய்தியா வந்துச்சு. அந்த பெண்கள் செஞ்சது விளையாட்டோ தப்போ, அவங்க நெனச்சது படகுல இருக்கறவங்களும் கடையில இருக்கற கொஞ்ச பேரும் பாப்பாங்கன்னு தான். அன்னைக்கு அத வெளிய கொண்டு போக உள்ள வேலை செய்யற ஆள் தேவைப்பட்டுச்சு. இன்னைக்கு டிவி முன்னாடி நிக்கற நூறு பேர் கையிலயும் ஃபோன் இருக்கு.

குழந்தைங்க விஷயத்துல நான் இன்னும் கறாரா இருப்பேன். அழற குழந்தை ஃபோட்டோ பாக்க சிரிப்பா தான் இருக்கும், பல பேர் அத தான் தேடி எடுக்கறாங்க. உங்க குழந்தைன்னா உங்க இஷ்டம், அப்பவும் அவன் கொஞ்சம் பெரியவனா இருந்தா ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்தவங்க குழந்தைன்னா அதோட அப்பா அம்மாவுக்கு தெரியாம அந்த மூஞ்சி உங்க ஃபோன்ல இருக்க என்ன காரணம் இருக்கு? எனக்கு ஒண்ணும் தோணல. ஃபேஸ்புக்ல போடறது, ஸ்டேட்டஸ்ல வெக்கறது, "பின்னாடி இருக்கற பொடியன பாருங்க"ன்னு சிவப்பு வட்டம் போட்டு க்ரூப்ல அனுப்பறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நம்ம ஆளுங்க க்ரூப்ல ஒரு ஃபோட்டோ போட்டா அது அந்த க்ரூப்போட நிக்காது, அத்தை க்ரூப்லேருந்து மாமா க்ரூப், அங்கேருந்து அபார்ட்மென்ட் க்ரூப், சாயங்காலத்துக்குள்ள யார் யாருக்கோ போயிருக்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான்.

சொந்த குடும்பத்துக்குள்ளயே கூட கேக்கணும்ங்க. எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி, ஈரோட்டுலேருந்து வந்திருந்தாங்க, அறுபது தாண்டினவங்க. நாங்க எல்லாரும் வற்புறுத்தி டியானா படகுல ஏத்திட்டோம். அவங்களும் இறங்கினதும் சிரிச்சிக்கிட்டே "ஐயோ கண்ணு, உசுரே போயிருச்சு"ன்னு தான் சொன்னாங்க. டிவிய பாத்ததும் முகம் மாறிடுச்சு. துப்பட்டா பறந்து கழுத்த சுத்திக்கிட்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து, வாய் அகலமா திறந்து, பல் செட் கட்டினது தெரியற மாதிரி. என் மச்சான் பையன் அதுக்குள்ள ஃபோன்ல எடுத்து க்ரூப்ல போட போயிட்டான். அத்தை அவன் கைய புடிச்சு "கண்ணு, அத அழிச்சுரு, ஊர்ல எல்லாரும் பாப்பாங்க"ன்னாங்க. அவன் "அட பாட்டி, சூப்பரா இருக்கீங்க"ன்னான். அவங்க மறுபடியும் "அழிச்சுரு சாமி"ன்னாங்க, இந்த தடவ குரல் இறங்கியிருந்துச்சு. அவன் நல்ல பையன், உடனே அவங்க கண்ணு முன்னாடியே டிலீட் பண்ணி, ரீசைக்கிள் ஃபோல்டர்லயும் போய் டிலீட் பண்ணி காட்டினான். அதுக்கப்பறம் தான் அத்தை பழையபடி பேச ஆரம்பிச்சாங்க. மறுநாள் கோட்டை முன்னாடி நிக்க வெச்சு எடுத்த ஃபோட்டோவ அவங்களே நாத்தனார் கொழுந்தனார் எல்லாருக்கும் அனுப்பினாங்க. தன்னோட எந்த முகம் ஊருக்கு போகணும்னு அவங்க தான முடிவு பண்ணணும்.

எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா எப்படி எடுக்கறதுன்னும் சொல்லிடறேன். முதல்ல நடுவுல நிக்காதீங்க. எவரெஸ்ட் மாதிரி ரைடுல 34 பேர் இறங்கி வந்து நிக்கறப்பவே அடுத்த 34 பேர் பின்னாடி வந்துட்டு இருப்பாங்க, வெளிய போற வழி அந்த செர்கா ஜோங் பஜார்ங்கற கடை வழியா தான், நாம ஸ்ட்ரோலர நிறுத்திக்கிட்டு "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல நில்லு"ன்னு டைரக்ட் பண்ணிக்கிட்டு இருந்தா எல்லாரும் மாட்டிக்குவாங்க. காசு குடுத்து வாங்கறவங்களுக்கு நம்பர் பாக்கணும், கையில கட்டியிருக்கற மேஜிக்பேண்ட்ங்கற டிஸ்னி பட்டைய மெஷின்ல தட்டணும், அவங்களுக்கு முதல் இடம் விடணும், அவங்க வாங்கறதால தான் அந்த டிவியே அங்க இருக்கு. குடும்பத்துல ஆறு பேர் இருந்தா ஆறு பேரும் தனித்தனியா ஃபோன தூக்காம ஒருத்தர் எடுத்து மத்தவங்களுக்கு அனுப்பலாம். ஃப்ளாஷ ஆஃப் பண்ணுங்க, அது டிவி கண்ணாடியில பட்டு உங்க ஃபோட்டோவையும் கெடுக்கும் பக்கத்துல எடுக்கறவர் ஃபோட்டோவையும் கெடுக்கும். குழந்தைய கவுண்டர் மேல ஏத்தி நிக்க வெக்காதீங்க.

பெருசாக்கி உங்க வரிசைய மட்டும் ஃப்ரேம்ல கொண்டு வாங்க. மத்தவங்க ஓரத்துல விழுந்தா அங்கயே, நடந்துக்கிட்டே, க்ராப் பண்ணிடுங்க, "வீட்டுக்கு போய் பண்ணிக்கலாம்"னு விட்டா பண்ண மாட்டோம், அதுக்குள்ள யாராவது "அனுப்பு அனுப்பு"ன்னு கேட்டு அனுப்பியிருப்போம். க்ராப் பண்ண முடியாத மாதிரி ஒருத்தர் உங்களோட ஒட்டி உக்காந்திருந்தா, அவர் அங்கயே பக்கத்துல தான் நின்னுட்டு இருப்பாரு, திரும்பி "எடுத்துக்கவா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்டு யாரும் முகம் சுளிச்சதில்ல, பாதி பேர் "எனக்கும் அனுப்புங்க"ன்னு தான் சொல்லியிருக்காங்க. ஒரு தடவ டெக்ஸாஸ்காரர் ஒருத்தர் அவரே காசு குடுத்து வாங்கி எங்களுக்கும் சேத்து அனுப்பினாரு.

அந்த ஃபோன் ஃபோட்டோவோட தரத்த பத்தியும் சொல்லணும், ஏன்னா நிறைய பேர் அத ஃப்ரேம் போடலாம்னு நெனக்கறாங்க. டிவிய ஃபோன்ல எடுத்தா டிவியோட புள்ளிங்களும் கேமரா சென்சார் புள்ளிங்களும் ஒண்ணோட ஒண்ணு மோதி குறுக்க நெடுக்க அலை அலையா கோடு விழும், சில டிவியில கருப்பு பட்டை ஒண்ணு நடுவுல ஓடும், மேல இருக்கறத கீழேருந்து எடுக்கறதால எல்லார் தலையும் சாஞ்சு சின்னதா இருக்கும், எதிர்ல இருக்கற ஜன்னல் வெளிச்சம் சரியா உங்க பொண்ணு மூஞ்சி மேல வந்து உக்காந்துக்கும். சும்மா ஞாபகத்துக்கு சரி. பத்து வருஷம் கழிச்சு பாக்கணும்னு தோணற ஃபோட்டோவா இருந்தா, அப்பாவோட கடைசி கோஸ்டர், பையன் முதல் தடவ பயப்படாம கை தூக்கினது, அந்த மாதிரி ஒண்ணா இருந்தா இருபது டாலர் குடுத்து வாங்கிடுங்க. டிஸ்னில உங்க அக்கவுண்ட்ல சேந்த ஃபோட்டோ எடுத்த நாள்லேருந்து 45 நாள் வரைக்கும் இருக்கும், அன்னைக்கே முடிவு பண்ண வேண்டியதில்ல, ஊருக்கு போய் நிதானமா பாத்து கூட வாங்கலாம்.

"எதுக்கு இவ்ளோ தொந்தரவு, நானே ரைடுல ஃபோன வெச்சு எடுத்துக்கறேன்"னு மட்டும் போயிடாதீங்க. அந்த வேகத்துல கையிலேருந்து ஃபோன் நழுவினா பின்னாடி வரிசையில இருக்கறவர் மூஞ்சில தான் போய் அடிக்கும். 2015-ல கலிஃபோர்னியாவுல ஒரு கோஸ்டர்ல ஒருத்தர் செல்ஃபி ஸ்டிக்க நீட்டினதால ரைடையே நிறுத்த வேண்டி வந்துச்சு, அந்த ஜூன் கடைசிலேருந்து டிஸ்னி பார்க்குக்குள்ள செல்ஃபி ஸ்டிக் கொண்டு வரவே கூடாதுன்னு தடை போட்டாங்க. அது வந்ததுல எனக்கு நிம்மதி தான்.

போஸ் குடுக்கறதுக்கும் ஒரு வார்த்தை. குடும்பமா பிளான் பண்ணி எல்லாரும் தூங்கற மாதிரி, கன்னத்துல கை வெச்ச மாதிரி, இப்படி ஒரே போஸ் குடுக்கறது ரொம்ப ஜாலியா இருக்கும், நாங்களும் செய்வோம். உங்க வரிசையில வேற ஒருத்தர் உக்காந்திருந்தா ஏறறப்பவே "கடைசி இறக்கத்துல நாங்க எல்லாரும் தூங்கற மாதிரி போஸ் குடுக்கப்போறோம், நீங்களும் வரீங்களா"ன்னு கேட்டுடுங்க. கேமரா எங்க இருக்குன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிடும், தலைய கொஞ்சம் சரி பண்ணிக்கவோ, மூஞ்சிய திருப்பிக்கவோ அவங்களுக்கு ஒரு வாய்ப்பு. ஃபோட்டோவுல வர வேண்டாம்னு நெனக்கறவங்க நிறைய காரணத்தோட இருப்பாங்க, அத நாம விசாரிக்க வேண்டாம். கைய நீட்டி அவங்க மூஞ்சிய மறைக்கற மாதிரி போஸ் மட்டும் வேண்டாம், அவங்களும் அந்த ஃபோட்டோவ வாங்கணும்னு நெனச்சிருக்கலாம்.

கடைசியா ஒண்ணு, இது மேஜிக்பேண்ட் போட்டுக்கிட்டு போறவங்களுக்கு. அந்த பேண்ட் கையில இருந்தா ரைடு ஃபோட்டோ தானா உங்க டிஸ்னி ஆப்ல வந்து சேரும், ஆனா சில நேரம் வரிசை மாறி வேற குடும்பத்து ஃபோட்டோ உங்க அக்கவுண்ட்ல வந்துடும். மெமரி மேக்கர் வாங்கியிருந்தீங்கன்னா அது உங்களுக்கு டவுன்லோடும் ஆகும். எங்களுக்கு ஒரு தடவ யாரோ ஒரு தாத்தா பேத்தி ஃபோட்டோ வந்துச்சு, ரொம்ப அழகான ஃபோட்டோ, என் பொண்ணு வெச்சுக்கலாம்னு கேட்டா, நான் ஆப்லேருந்து அழிச்சுட்டேன். உங்களோடது அப்படி வேற எங்கயோ போயிருந்தா ஆப்லயே போட்டோபாஸ் ஹெல்ப்புக்கு, அதான் டிஸ்னியோட ஃபோட்டோ சேவைக்கு, எழுதலாம், எந்த ரைடு, எந்த தேதி, சுமாரா எத்தன மணி, எத்தனாவது வரிசை, என்ன கலர் சட்டைன்னு குடுத்தா தேடி சேத்து விடுவாங்க. ரைடு இறங்கினதும் டிவியில இருக்கற நம்பரையும் மணியையும் ஃபோன்ல ஒரு நோட்ல குறிச்சு வெச்சுக்கோங்க, அத தேடறப்ப ரொம்ப உதவும்.